ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்து எஸ்.எம்.பி.எஸ். (டி.வி., கம்ப்யூட்டர் போன்றவற்றின் பவர் சப்ளை) போர்டில் வேலை பார்ப்பது எப்படி

மெயின்ஸிலிருந்து போர்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை வாங்கிவிட்டால் ஷாக்கே அடிக்காது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மெயின்ஸ் லைனில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் பேஸை மட்டும் தொட்டாலும் உடம்பு வழியாகத் தரைக்குக் கரண்ட் பாய்ந்துவிடும். இந்த டிரான்ஸ்பார்மரின் அவுட்புட்டுக்கு எர்த்தோடு தொடர்பு இல்லை, அதனால் ஒரு முனையை மட்டும் தொட்டால் கரண்ட் போக வழி இருக்காது. இரண்டையும் சேர்த்துத் தொட்டால் அதே 230 வோல்ட் அடிதான். எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அப்போது ட்ரிப் ஆகாது.

சரி, முதல் வேலை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரில் அவுட்புட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் இன்புட் பின்களுக்கும் எர்த் பின்னுக்கும் கன்டின்யூட்டி பாருங்கள். எங்கேயும் பீப் வரக் கூடாது. வேரியாக்கை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) இதற்குப் பதிலாக வைக்காதீர்கள், அதில் இருப்பது ஒரே சுருள்தான், ஐசொலேஷனே கிடையாது.

அடுத்து, டிரான்ஸ்பார்மர் அவுட்புட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள் (எல்.இ.டி. பல்பு ஆகாது). ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து அடங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் போர்டில் ஷார்ட். ஒரு நேரத்தில் ஒரு போர்டுதான். இரண்டாவதை மாட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஷாக் வாங்க வழி உண்டு. 500 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்பார்மரில் ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை எடுக்கலாம்.

அப்புறம் ஆசிலோஸ்கோப் (வோல்டேஜின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி). அதன் புரோபின் (தொட்டு அளக்கும் ஒயர்) கிரவுண்ட் கிளிப் உள்ளே எர்த்தோடு இணைந்திருக்கிறது, டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அதை போர்டின் பிரைமரி பக்க (மெயின்ஸ் கரண்ட் வரும் பக்கம்) கிரவுண்டில் மாட்டினால் பிரிட்ஜ் டயோடு 'டப்'பென்று போய்விடும். டிரான்ஸ்பார்மர் இருந்தால் மாட்டலாம், ஆனால் மாட்டிய அந்த நொடியே போர்டு மறுபடி எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது, ஐசொலேஷன் போயிற்று, இப்போது ஒரு முனையைத் தொட்டாலே அடிக்கும். ஆகவே போர்டை ஆஃப் செய்துவிட்டு கிளிப்பை மாட்டுங்கள், ஆன் செய்த பிறகு போர்டில் கை வைக்காதீர்கள். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை பார்க்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்கவே வேண்டாம், ஸ்கோப்பின் பாடியிலேயே கரண்ட் வந்து நிற்கும்.

வேலை முடிந்து ஆஃப் செய்தாலும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி தங்கியிருக்கலாம், அதற்கு எந்த டிரான்ஸ்பார்மரும் உதவாது. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடாமல், சில கிலோ ஓம் கொண்ட 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பால் கொஞ்ச நேரம் பிடித்து வடியவிடுங்கள். மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகு சோல்டரிங் அயர்னை எடுங்கள்.

மைக்ரோவேவ் அவனை மட்டும் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் ஹைவோல்டேஜ் சுற்றின் ஒரு முனை பாடியோடு சேர்ந்திருக்கும், வெளியே என்ன டிரான்ஸ்பார்மர் வைத்தும் பலனில்லை.