கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு: முதல் குவார்ட்டரிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டுக் கல்லூரியில், சேர்ந்திருப்பதாகச் சொன்னதும் வீட்டில் சிலருடைய முகம் வாடியிருக்கும். தமிழ்நாட்டில் படித்து வந்த நம் பெற்றோருக்கு, பாதிப் படிப்பில் கல்லூரி மாறுவது பழக்கமில்லாத விஷயம். ஆனால் இங்கே அது 1960-ல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே இருக்கிற வழி. மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (யூனிட் என்பது பாடத்தின் அளவு) 46 டாலர்தான் கட்டணம். கடைசியில் வாங்குகிற பட்டம், முதல் ஆண்டிலேயே யூசியில், அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், சேர்ந்தவர் வாங்குகிற அதே பட்டம்.

நானும் அந்த வழியில் போனவள்தான். டிரான்ஸ்பர், அதாவது கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவது, இரண்டாம் ஆண்டில் நிரப்புகிற விண்ணப்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் குவார்ட்டரில் (ஏறக்குறைய மூன்று மாதப் பருவம்) எந்தக் கணக்குப் பாடம் எடுக்கிறோம் என்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

படி 1: போக வேண்டிய இடத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு மேஜர் (முதன்மைப் பாடத்துறை), மூன்று நான்கு வளாகங்கள். இது போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இளங்கலை படிக்க யூசிக்கு 9 வளாகங்கள் இருக்கின்றன. ஒரே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு பெர்க்லி கேட்கிற பாடங்கள் வேறு, டேவிஸ் கேட்பவை வேறு.

படி 2: அசிஸ்ட் தளத்தில் உட்காருங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற இலவசத் தளத்தில் உங்கள் கல்லூரி, போக விரும்பும் பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்திகளில் ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் இருக்கும் பாடம்.

பாடங்களுக்கு நடுவே 'மற்றும்', 'அல்லது' என்று வரும் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். 'மற்றும்' என்றிருந்தால் இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒரு பாடம் கணக்கில் சேரும். குவார்ட்டர் முறைக் கல்லூரியில் படிப்பவர்கள் இதில் அடிக்கடி தவறுகிறார்கள். வலப்பக்கம் ஈடான பாடம் இல்லை என்று போட்டிருந்தால், அது அருகிலுள்ள வேறு கல்லூரியில் கிடைக்கிறதா என்று பாருங்கள். எல்லா வளாகப் பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒரே தாளில் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பாடங்களுக்குத்தான் முதல் இடம்.

படி 3: சங்கிலிப் பாடங்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

குவார்ட்டர் முறையில் நடக்கும் டி ஆன்சா கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அங்கே கால்குலஸ் 1ஏ, 1பி, 1சி, 1டி என நான்கு பாடங்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர முடியும். இலையுதிர்காலத்தில் 1ஏ எடுத்தால், கோடையில் எதுவும் எடுக்காத பட்சத்தில், 1டி அடுத்த இலையுதிர்காலத்தில்தான் வரும். இயற்பியலும் இதே போன்ற சங்கிலிதான். யூசியில் நுழைவதற்கு முந்தைய வசந்தகாலத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்த வசந்தகாலத்திலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வந்தால், இந்தக் குவார்ட்டரில் எதை எடுத்தே ஆக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நான் இதைச் செய்யவில்லை. பட்டியலைப் பார்க்காமல் முதல் குவார்ட்டரில் புள்ளியியல் எடுத்தேன். என் பொறியியல் மேஜருக்கு அது தேவையே இல்லை. கால்குலஸ் ஒரு குவார்ட்டர் தள்ளிப்போனதை ஈடுகட்ட ஒரு கோடை முழுக்கப் போயிற்று.

படி 4: அடிப்படைத் தகுதி

60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட். ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, மற்றத் துறைகளில் நான்கு. இந்த ஏழிலும் சி கிரேடு அல்லது அதற்கு மேல் வேண்டும். ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) மாநிலவாசிக்குக் குறைந்தது 2.4, மற்றவர்களுக்கு 2.8. இது விண்ணப்பிப்பதற்கான வாசல்படி மட்டுமே. போட்டி மிகுந்த மேஜர்களில் இதைவிட வெகு உயரத்தில் இருந்தால்தான் இடம் கிடைக்கும்.

மேஜருக்கு வெளியே எல்லோரும் எடுக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்களுக்கு 2025 இலையுதிர்காலம் முதல் கால்-ஜிஇடிசி என்ற ஒரே பட்டியல் யூசிக்கும், மாநிலத்தின் மற்றொரு பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டுக்கும் பொருந்துகிறது. பொறியியல், அறிவியல் மாணவர்கள் மேஜர் பாடங்களை முதலில் முடியுங்கள்; பொதுக்கல்வி சற்றுக் காத்திருக்கலாம்.

படி 5: கவுன்சிலரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள்

கவுன்சிலர் என்பவர் பாடங்களைத் திட்டமிட உதவும் கல்லூரி ஆலோசகர். படி 2-ல் எழுதிய அந்த ஒரு தாளை எடுத்துப் போங்கள். குவார்ட்டர் தொடங்கும் வாரத்தில் கூட்டம் நெரியும்; நடுவில் போனால் நிதானமாகப் பேசலாம். முடிவான திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 6: செப்டம்பரில் டேக்

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில், குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி. இந்த ஏற்பாட்டுக்குத்தான் டேக் என்று பெயர். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதற்குள் 30 செமஸ்டர் அல்லது 45 குவார்ட்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். சில வளாகங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற மேஜர்களுக்கு டேக் கிடையாது, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டேக் போட்டாலும் யூசியின் பொது விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பியே ஆக வேண்டும்.

படி 7: விண்ணப்பமும் அதற்குப் பிறகும்

அந்தப் பொது விண்ணப்பத்தை அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதி வரை அனுப்பலாம். கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது கட்டாயக் கேள்வி. மற்ற மூன்றை ஏழிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கட்டாயக் கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒரு பாடத்தில் தடுமாறி மீண்ட கதை இருந்தால் அதற்கும் இதுதான் இடம்.

மதிப்பெண்களை நீங்களே பதிவு செய்வீர்கள். ஒரு கோடையில் ஒரே ஒரு பாடம் படித்துப் பாதியில் விட்ட கல்லூரியாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். ஜனவரி 31-க்குள் இலையுதிர்கால மதிப்பெண்களைச் சேர்த்துத் திருத்த வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். நிதியுதவிக்கு மார்ச் 2-ஐக் குறித்துவையுங்கள்.

ஏப்ரல் இறுதிக்குள் பதில் வந்துவிடும். ஜூன் 1-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும், ஜூலை 1-க்குள் டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டும். இடம் கிடைத்துவிட்டதே என்று வசந்தகாலப் பாடம் ஒன்றை விடத் தோன்றினால், விடுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் எழுதிய பாடம் கடைசியில் இல்லாவிட்டால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.