லிட்மஸ் தாளுக்குப் பதில் செம்பருத்தி

நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அமிலம், காரம் பற்றி வீட்டில் சொல்லிக்கொடுக்க, அவற்றை நிறமாற்றத்தால் காட்டும் லிட்மஸ் தாள் வாங்க வேண்டியதில்லை. ஐந்தாறு சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களை அரை டம்ளர் வெந்நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால், அந்தச் சாயநீரே நல்ல நிறங்காட்டியாகிவிடும். இதழ்களில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி, சுற்றியுள்ள திரவத்தின் தன்மைக்கேற்பத் தன் மூலக்கூற்று அமைப்பை மாற்றிக்கொள்வதால், அமிலமான எலுமிச்சைச் சாற்றில் ஒரு கரண்டி சாயநீரை விட்டதும் அது பளிச்சென்ற இளஞ்சிவப்பாகவும், காரத்தன்மையுள்ள துணி சோப்பு கரைத்த நீரில் பச்சையாகவும் மாறும். மஞ்சள்தூள் காரத்தில் சிவக்குமே தவிர, எலுமிச்சைச் சாற்றிலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சளாகவே இருப்பதால், அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால்தான் செம்பருத்தியைச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் ஊற்றுமுன் என்ன நிறம் வரும் என்று பிள்ளையையே எழுதிவைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் தன் கணிப்பு தவறும் இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது.

புளிக்கரைசல், தேநீர் போன்ற அடர்நிறத் திரவங்களில் மாற்றம் தெளிவாகத் தெரியாது. சலவைத் தூளில் வெளுப்பான் கலந்திருந்தால் அது நிறமியையே அழித்துவிடும் என்பதால் விடை பிழையாகும். கழிப்பறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் இந்தச் சோதனைக்கு எடுக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். சாயநீர் விரைவில் கெட்டுவிடும், ஆகவே அன்றன்றே தயாரித்துக்கொள்ளுங்கள்.