டேங்கர் வந்து நிற்கும் நேரம்: கழிவுநீர் நிலையங்களில் தவிர்க்க வேண்டிய வேதிப்பொருள் தவறுகள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு மிகவும் அச்சம் தருவது, வேதிப்பொருள் டேங்கர் வந்து நிற்கும் நேரம்தான். ஒரு தொட்டியில் கிருமிநீக்கத்துக்கான ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். பக்கத்திலேயே அழுக்கைத் திரட்டிப் படியவைக்கும் படிகாரக் கரைசலோ ஃபெர்ரிக் குளோரைடோ இருக்கும். நிரப்பும் குழாய் வாய்கள் இரண்டும் ஒரே அளவு. ஓட்டுநருக்கு இடம் புதிது. ஆபரேட்டர் கையைக் காட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஹைப்போவில் அமிலத்தன்மையுள்ள பொருள் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். படிகாரமும் ஃபெர்ரிக் குளோரைடும் அமிலத்தன்மை கொண்டவையே. 'ஆசிட்' என்று எழுதிய கேனைக் கண்டு விலகி நிற்பவர்கள்கூட இவற்றிடம் அந்த எச்சரிக்கையைக் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் ஆட்சிசன் நகரிலுள்ள ஓர் ஆலையில் 2016 அக்டோபர் 21 அன்று இப்படித்தான் நடந்தது. டேங்கரில் வந்த கந்தக அமிலம் ஹைப்போ தொட்டிக்குள் இறங்கியது. இரண்டு நிரப்பு வாய்களுக்கும் இடைவெளி ஒன்றரை அடிதான். குளோரின் மேகம் ஊருக்குள் பரவி, 140க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். பெயர்ப்பலகை மட்டும் இதைத் தடுக்காது. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் வேறு அளவு இணைப்பு வேண்டும். ஒன்றின் ஹோஸ் இன்னொன்றில் பொருந்தவே கூடாது. வாய்க்குப் பூட்டு போட்டு, சாவியை ஆபரேட்டர் வைத்திருக்க வேண்டும். டெலிவரி சீட்டைப் பார்த்த பிறகே அவர் திறக்க வேண்டும். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறு நிலையங்களிலும் இதே ஆபத்து உண்டு. அங்கே டேங்கருக்குப் பதில் நீலக் கேன்கள். ஹைப்போவுக்கும் படிகாரத்துக்கும் ஒரே அளவைக் குவளை, காற்றோட்டமில்லாத அறை. வேதிப்பொருளை அளவாகச் செலுத்தும் டோசிங் பம்பைத் தண்ணீர் விட்டு அலசாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் அதே கலவைதான்.

இரண்டாவது பெரிய தவறு, வழக்கத்துக்கு மாறான வேலையைச் சாதாரண வேலையாக நினைப்பது. 2006 ஜனவரி 11 அன்று, புளோரிடாவின் டேடோனா பீச் நகரத்துப் பெத்யூன் பாயிண்ட் கழிவுநீர் நிலையத்தில், புயலில் சேதமடைந்த இரும்புக் கூரையை டார்ச்சால் அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூரைக்குக் கீழே மெத்தனால் தொட்டி. நைட்ரஜனை நீக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகச் சேர்க்கும் மெத்தனால் அது. தொட்டியின் ஆவிப்போக்கியிலிருந்து வந்த ஆவியில் தீப்பற்றி, தொட்டிக்குள் பாய்ந்து வெடித்தது. இருவர் இறந்தார்கள், மூன்றாமவர் கடுமையான தீக்காயம் அடைந்தார். தீ உள்ளே புகாமல் காக்க வேண்டிய தடுப்பி அலுமினியத்தால் ஆனது. மெத்தனால் அதை அரித்துவிட்டிருந்தது. பிவிசி குழாய்களும் உடைந்து தீயைப் பெருக்கின. இத்தகைய வேலைகளின் ஆபத்தை முன்கூட்டியே அலசும் ஏற்பாடு அங்கே இல்லை என்று விசாரணை காட்டியது. கூரையை அறுக்க ஆள் அனுப்பும்போது கீழே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். வெல்டிங், கட்டிங் எதுவானாலும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மூக்கை நம்புவது அடுத்த தவறு. கழிவுநீர்த் தொட்டிகளில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் தரும் என்பது உண்மை. ஆனால் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் சில நிமிடங்களில் மோப்பம் மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் தொட்டிக்குள் இறங்குவார். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரில் இந்த ஆபத்து அதிகம். சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த நீர், தோல் பதனிடுவதில் வரும் அமிலத்தன்மையுள்ள குரோம் நீருடன் ஒரே தொட்டியில் சேர்ந்தால் இந்த வாயு கிளம்பும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் வேலை செய்வோர் இதை மனதில் இருத்த வேண்டும். இறங்கும் முன் வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று அளந்து பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற வெறும் ஆளாகக் குதிக்கும் நண்பரும் இறந்துபோகிறார். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் சுவாசக் கருவி இல்லாமல் இறங்கினால் மேலே கொண்டுவர வேண்டிய உடல்கள் இரண்டாகும்.

குளோரின் சிலிண்டர் வைத்திருக்கும் இடங்களில் கசிவின்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். கூடாது. ஈரத்தில் அமிலம் உருவாகி உலோகத்தை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே உறிஞ்சும் விசிறி தரையோரம் இருக்க வேண்டும். பாதுகாப்பு முகமூடியைக் குளோரின் அறைக்குள்ளேயே மாட்டி வைப்பதைப் போன்ற தவறு வேறில்லை. கசியும்போது அதை எடுக்க யார் உள்ளே போவார்?

கசடைத் திரட்டச் சேர்க்கும் பாலிமர் சிந்திய தரையில் தண்ணீர் விட்டால் வழுக்கல் கூடும். முதலில் மணல் தூவி அள்ளுங்கள். அமிலத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

கண் கழுவும் குழாயை வாரம் ஒருமுறை திறந்து, துரு நீர் போய்த் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். காஸ்டிக் சோடா தெறித்த கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் அதில்தான் கழுவ வேண்டியிருக்கும்.