ரெகம்பென்ட் சைக்கிளுக்கு உள்-கியர் ஹப் தேர்ந்தெடுக்கும் முறை

சாய்ந்தமர்ந்து ஓட்டும் ரெகம்பென்ட் சைக்கிளை வீட்டிலேயே கட்டுபவர்கள், பின்சக்கரத்தின் நடுவே கியர்களைத் தனக்குள் அடக்கியிருக்கும் ஹப்பில் எத்தனை கியர் என்று பார்ப்பதற்கு முன், முதல் கியர் எவ்வளவு இலகுவானது என்று பார்க்க வேண்டும். சாதாரண சைக்கிளில் மேடு வந்தால் எழுந்து நின்று உடல் எடையைப் பெடல்மேல் போட்டு மிதிக்கலாம். சாய்ந்து அமர்ந்தவருக்கு அந்த வழியே இல்லை என்பதால், ஏற்றத்துக்கும் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்கும் கியர் ஒன்றே துணை. வண்டி நின்றிருக்கும்போதே கியரை இறக்க முடிவதால்தான் உள்-கியர் ஹப் இவ்வகை வண்டிக்கு இவ்வளவு பொருந்துகிறது.

கணக்கு எளிது. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரச் சுற்றளவாலும் ஹப்பின் கியர் விகிதத்தாலும் பெருக்கினால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் கிடைக்கும். 20 அங்குலப் பின்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.5 மீட்டர். 44 பல், 20 பல் இணையுடன் ஷிமானோ நெக்ஸஸ் 8 கியர் ஹப்பைப் பொருத்தினால், முதல் கியரில் 1.74 மீட்டரும் எட்டாவதில் 5.3 மீட்டரும் வரும். முதல் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். அதற்கும் கீழே இருசக்கர ரெகம்பென்ட்டை நிலைதடுமாறாமல் ஓட்டுவது கடினம், ஆகவே இன்னும் சிறிய கியருக்குச் செலவிடுவது மூன்று சக்கர வண்டி கட்டுபவருக்கே பயன்படும்.

ஸ்டர்மி-ஆர்ச்சரின் வழக்கமான 3 கியர் ஹப்பின் வீச்சு, அதாவது முதல் கியரோடு ஒப்பிட்ட கடைசிக் கியரின் அளவு, 177 சதவீதம் மட்டுமே. அதன் முதல் கியரையும் அதே 1.74 மீட்டருக்கு அமைத்தால், மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலும் 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. சமதள ஊருக்கு மட்டும் அதை வாங்கலாம். அதே நிறுவனத்தின் 8 கியர் ஹப்பில் முதல் கியர் நேரடி இயக்கம் (பின் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று), மற்றவை எல்லாம் அதிலிருந்து வேகம் கூட்டுபவை. சிறிய சக்கரத்துக்கென்றே அமைந்தது போன்ற ஏற்பாடு இது. 30 பல், 25 பல் இணையே போதும், ஆனால் முன் பல்சக்கரம் சிறுக்கச் சிறுக்கச் செயினின் இழுவிசை கூடும் என்பதால் இருக்கைக்கடியில் செயினைத் திருப்பும் உருளையை உறுதியாகப் பற்றவைக்க வேண்டும். 526 சதவீத வீச்சும் சீரான படிகளும் கொண்ட ரோலாஃப் 14 கியர் ஹப், விலையைத் தாங்க முடிந்தால் நெடும்பயணத்துக்கு என் முதல் தேர்வு.

ஃப்ரேமைப் பற்றவைக்கும் முன்பே ஹப்பைக் கையில் வைத்திருங்கள். நெக்ஸஸ் 8-க்குப் பின் ஃபோர்க்கின் உள் அகலம் 132 மில்லிமீட்டர், ரோலாஃபுக்கு 135. கம்பித் துளைகளின் எண்ணிக்கை ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். நெக்ஸஸில் அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர்கள், அச்சு அமரும் பள்ளத்தின் கோணத்துக்கேற்ப வேறுபடும்; தவறான வாஷரை மாட்டினால் அச்சு திரும்பி, கேபிளின் அளவு கெடும். இருக்கையும் கைப்பிடியும் முன்னால் தள்ளியிருப்பதால் ஹப்போடு வரும் கேபிள் பெரும்பாலும் எட்டாது. இருவர் மிதிக்கும் டான்டம் சைக்கிளுக்கான நீளக் கேபிளை வாங்குங்கள். நான்காவது கியரில் வைத்து, ஹப்பின் பக்கத்தில் தெரியும் இரண்டு மஞ்சள் கோடுகளை நேர்கோட்டில் கொண்டுவந்துதான் அந்தக் கேபிளைச் சரிசெய்ய வேண்டும், ஆகவே செயின் குழாயோ சாமான் தட்டோ அவற்றை மறைக்காதபடி இடம் விடுங்கள்.