பழைய சின்ன காருக்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கி, டிக்கியில் வைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு வந்தேன். வீட்டில் கட்டைப் பிரித்துப் பார்த்த மைனி, "அப்பளம் வாங்கச் சொன்னா அப்பளப் பொடி வாங்கிட்டு வந்திருக்கீங்களே" என்றார். வண்டி 2002-ஆம் வருடத்து மாருதி ஜென். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் தீர்ந்துபோய்விட்டன என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் ஒரு கடைக்குப் போய், "ஜென்னுக்குப் பின் ஷாக் ஒரு ஜோடி" என்று கேட்டு வாங்கி வந்தேன். வண்டியைத் தூக்கி, பழையதைக் கழற்றி, புதியதை வைத்துப் பார்த்தால் கீழ்ப் போல்ட்டைக் கோக்கவே முடியவில்லை. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தபோதுதான் தெரிந்தது, அது ஜென் எஸ்டிலோவுக்கு உரியது. நம் பழைய ஜென் 1993 முதல் 2006 வரை வந்த வண்டி. எஸ்டிலோ அதற்குப் பிறகு, வேகன்-ஆர் வண்டியின் அடித்தளத்தில் வந்தது. பெயரில்தான் உறவு, பாகத்தில் இல்லை. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, "ஜென்" என்று மட்டும் சொன்னது நான்தானே.

முதன்முதலாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: போனது ஷாக்தானா?

வண்டியின் ஒரு மூலையை இரண்டு மூன்று முறை நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது. ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டதாலேயே ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கீழே குனிந்து ஷாக்கின் உடம்பைப் பாருங்கள். மேல்பக்கம் லேசாக எண்ணெய் பிசுபிசுத்துப் புழுதி ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் வழிந்து கீழ்வரை ஈரமாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டயரைத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஓர் அறிகுறிதான்.

இரண்டு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வண்டி பின்பக்கம் அமுங்கி நிற்கிறது என்று ஷாக் மாற்றுவார்கள். வண்டியின் உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். இன்னொன்று, சின்னக் குழியில் இறங்கினாலே "டொக் டொக்" என்று வரும் சத்தம். அது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் கம்பியின் ரப்பர் புஷ், லிங்க் ராடு, ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் மேல் மவுண்ட் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஷாக்கைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் இவற்றை மெக்கானிக்கிடம் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், செலவு மிஞ்சும்.

படி 2: முன்பக்கமா, பின்பக்கமா?

பழைய சின்ன கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் ஸ்ட்ரட் இருக்கும். அதாவது ஷாக்கின் உடம்பிலேயே ஸ்பிரிங் உட்காரும் தட்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற பாகத்தைப் பிடிக்கும் பிராக்கெட், பிரேக் ஹோஸைத் தாங்கும் கொக்கி எல்லாம் சேர்ந்திருக்கும். சக்கரம் நேராக நிற்பதே அதை நம்பித்தான். அதனால் இடது வேறு, வலது வேறு. பின்பக்கத்தில் பெரும்பாலும் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும். பல வண்டிகளில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி ஷாக்தான்.

எந்தப் பக்கமானாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் சாலையில் அப்படி ஒரு வண்டியில் போய்ப் பாருங்கள், அல்லது போகாமல் இருங்கள்.

படி 3: வண்டியின் ஜாதகம்

ஆர்.சி.யைக் கையில் எடுங்கள். மாடலின் முழுப் பெயர், எரிபொருள், தயாரித்த மாதமும் வருடமும், சேஸிஸ் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். டி.என். 72 என்று நம்பர் பிளேட்டில் இருப்பதும் பதிவான தேதியும் உதிரிபாகத்துக்கு உதவாது. டிசம்பரில் தயாரான வண்டி அடுத்த வருடம் பிப்ரவரியில் பதிவாகியிருக்கலாம். நடுவில் மாடலில் ஏதாவது மாறியிருந்தால் உங்கள் வண்டி பழைய பாகத்தோடுதான் இருக்கும். 17 எழுத்து கொண்ட சேஸிஸ் எண்தான் நம்பத்தக்கது. மாருதி என்றால் அது எம்ஏ3 என்று தொடங்கும், ஹூண்டாய் என்றால் எம்ஏஎல்.

பெயர் மயக்கம் ஜென்னோடு முடியவில்லை. சான்ட்ரோ 1998-இல் வந்தது, 2003-இல் சான்ட்ரோ ஜிங் வந்தது, 2014-இல் நின்றது. 2018-இல் அதே பெயரில் புத்தம் புதிதாக வேறொரு வண்டி வந்தது. ஆல்ட்டோ, ஆல்ட்டோ கே10, ஆல்ட்டோ 800 என்று ஒரு குடும்பமே உண்டு. டீசல் என்றால் அதையும் சொல்ல வேண்டும். பழைய ஜென்னிலேயே டீசல் வண்டி ஒன்று வந்தது, பெஷோ எஞ்சினோடு. டீசல் எஞ்சின் கனம் என்பதால் பெட்ரோல் வண்டியின் முன்பக்க ஸ்ட்ரட்டை அதற்கு அப்படியே நம்பிப் போடக்கூடாது.

படி 4: எண்ணைப் பிடியுங்கள்

கம்பெனி டீலரின் உதிரிபாகக் கவுன்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், கணினியில் பார்த்து உங்கள் வண்டிக்கு உரிய பாக எண்ணைச் சொல்வார்கள். பாகம் அவர்களிடம் இருப்பில் இல்லாவிட்டாலும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இனி கடை கடையாக நீங்கள் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

எண்ணைக் கொஞ்சம் படிக்கத் தெரிந்துகொண்டால் நல்லது. மாருதியில் முதல் ஐந்து இலக்கம் என்ன பாகம் என்பதைச் சொல்லும். 41601 என்றால் வலது முன் ஸ்ட்ரட், 41602 என்றால் இடது. அதற்கு அடுத்து வரும் எழுத்தும் எண்ணும் எந்த மாடல் என்பதைச் சொல்லும். ஹூண்டாயில் 54650 இடது முன், 54660 வலது முன். இது தெரிந்தால், இரண்டு இடது ஸ்ட்ரட்டை ஜோடி என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கம்பெனி ஒரு பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புதிய எண் கொடுப்பதும் வழக்கம். "இந்த எண் இப்போது இல்லை" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாமல், "இதற்குப் பதிலாக வந்த எண் எது?" என்று கேளுங்கள்.

வண்டியில் இருக்கும் ஷாக்கின் உடம்பிலும் எண் அச்சிட்டிருக்கும். துணியால் மெதுவாகத் துடைத்துப் போட்டோ எடுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். பழைய வண்டி வாங்கியவர்கள் அந்த எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. முன்னாள் சொந்தக்காரர் எதையாவது மாட்டி ஓட்டியிருக்கலாம். என் வண்டியில் இடதுபக்கம் ஒரு கம்பெனி, வலதுபக்கம் வேறு கம்பெனி ஷாக் இருந்தது. டீலர் சொன்ன எண்ணும் ஷாக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால்தான் நிம்மதி.

படி 5: மாற்றுக் கம்பெனி ஷாக்

டீலரிடம் கிடைக்காத பழைய வண்டிக்கு இதுதான் வழி. கேப்ரியல், மன்றோ போன்ற கம்பெனிகள் வண்டிவாரியாகப் பட்டியல் வைத்திருக்கின்றன. அவர்கள் எண் வேறாக இருக்கும், ஆனால் வண்டிக் கம்பெனியின் எந்த எண்ணுக்கு ஈடானது என்பதைப் பட்டியலில் பார்த்துச் சொல்லலாம். செவர்லே மாதிரி 2017-ஓடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திய கம்பெனியின் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல்தான் துணை. ஊர்க் கடையில் இல்லாவிட்டால் மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார்கள். ஓரிரு நாள் பொறுத்தால் போதும்.

ஆன்லைனில் வாங்கினால், வண்டிப் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் "பொருந்தும்" என்று பச்சை டிக் காட்டுவதை வைத்து மட்டும் பணம் கட்டாதீர்கள். எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லாத பக்கத்தை மூடிவிடுங்கள்.

கழற்றிய பழைய பாகம் வாங்குவது பற்றி என் கருத்து கடுமையானது. வேண்டாம். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எத்தனை கார்கள் மூழ்கின என்று நாம் பார்த்தோம். அப்படி நனைந்து கிடந்த வண்டியின் ஷாக் ராடில் துருப்பிடித்துச் சின்னச் சின்னப் புள்ளியாக அரித்திருந்தால், அது மேலும் கீழும் போகும்போது ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். பெயின்ட் அடித்து வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

படி 6: டேப்பும் வெர்னியரும்

எண் ஒத்துப்போனாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நான் வண்டியைத் தூக்குவேன். எண்ணே கிடைக்காதவர்களுக்கோ அளவுதான் கடைசி ஆதாரம். அதனால் இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் முழுக்க நீட்டிய நீளம். பின் ஷாக்கில் கீழே ரப்பர் புஷ் போட்ட வளையமும் மேலே மரையுள்ள ராடும் இருந்தால், வளையத்தின் நடுப்புள்ளியிலிருந்து ராடில் மரைப் பகுதிக்குக் கீழே ராடு தடிக்கும் இடம் வரை அளக்க வேண்டும். மரையின் நுனிவரை அளந்தால் கணக்குத் தப்பிவிடும். வாயு அடைத்த ஷாக் தானாகவே நீளும், எண்ணெய் ஷாக்கைக் கையால் இழுத்து நீட்ட வேண்டும். அப்புறம் முழுக்க அமுக்கிய நீளம்.

இந்த இரண்டும் ஏன் முக்கியம் என்றால், புதிய ஷாக் அமுக்கிய நிலையில் பழையதைவிட நீளமாக இருந்தால், பெரிய குழியில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை தடுப்பதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் போய் இடிக்கும். ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நீட்டிய நிலையில் குட்டையாக இருந்தால், சக்கரம் கீழே தொங்கும் ஒவ்வொரு முறையும் ராடு வெடுக் வெடுக்கென்று இழுபடும். நீட்டிய நிலையில் அதிக நீளம் என்றால், சக்கரம் அளவுக்கு மீறித் தொங்கி ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம், பிரேக் ஹோஸும் இழுபடும்.

அடுத்து வளையத்தின் உள்விட்டம், புஷ்ஷின் அகலம். இவற்றை வெர்னியர் காலிபர் என்ற அளவுகோலில் பாருங்கள். ராடின் மரைக்கு எளிய வழி ஒன்று உண்டு. பழைய நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், புதிய ராடில் கையால் திருகிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு கடைசிவரை போனால் சரி. இரண்டு சுற்றில் இறுகிக்கொண்டால் விட்டம் ஒன்றாக இருந்தாலும் மரையின் இடைவெளி வேறு. ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்க்கலாம் என்று தோன்றும், கூடாது.

முன் ஸ்ட்ரட்டுக்கு இன்னும் சில அளவுகள் உண்டு. பிராக்கெட்டின் இரண்டு போல்ட் துளைகளுக்கும் இடையே உள்ள தூரம், துளையின் விட்டம், நக்கிள் நுழையும் இடைவெளி, துளையிலிருந்து ஸ்பிரிங் தட்டுவரை உயரம், தட்டின் விட்டம். தட்டு 10 மி.மீ. இறங்கியிருந்தால் வண்டியின் அந்த மூலையும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். துளை ஒத்துவராவிட்டால் பெரிதாக்கித் தருகிறேன், பிராக்கெட்டை வெட்டி ஒட்டவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பாகத்தில் வெல்டிங் வேலைக்கு இடமில்லை.

எல்லா அளவும் ஒத்தாலும், எவ்வளவு விறைப்பு என்பதை டேப்பால் அளக்க முடியாது. அது அந்த வண்டியின் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் தகுந்தபடி அமைத்தது. அதனால்தான் அளவை நான் எண்ணுக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன்.

படி 7: கூடவே வாங்க வேண்டியவை

மேல் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், புது லாக் நட். இருபது வருட ரப்பர் விரலால் அழுத்தினாலே உதிரும். பம்ப் ஸ்டாப் இல்லாமல் புது ஷாக் போடுவது, ஓட்டைக் குடையில் புதுக் கைப்பிடி போடுவது மாதிரி. ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். போட்டுப் பார்க்காமல் திருப்பித் தந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். என் எஸ்டிலோ ஷாக்கில் கிரீஸ் கறை இருந்ததால் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

படி 8: பொருத்துவது

முன் ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் முகத்தைப் பெயர்த்துவிடும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

பின்பக்கத்தை வீட்டில் செய்யலாம். முந்தின நாளே நட்டில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்த பிறகுதான் ஷாக்கின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஆக்ஸிலைத் தொங்கவிடாமல் பிடித்திருப்பதே அந்த ஷாக்தான். கழற்றியதும் ஆக்ஸில் இறங்கி ஸ்பிரிங் வெளியே வந்துவிடும். புதிய எண்ணெய் ஷாக்கைப் பொருத்துவதற்கு முன் நிமிர்த்தி வைத்து ஐந்தாறு முறை மெதுவாக அமுக்கி இழுங்கள். படுத்துக் கிடந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறும். புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகு. தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய பழைய ஷாக்கை அதுவரை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், அளவு பார்க்கத் தேவைப்படலாம். போடும்போது, வாயு அடைத்த ஷாக் என்றால் அதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும். தெரியாமல் கேஸ் கட்டரை வைத்தால் வெடிக்கும்.