துர்கா பூஜை வங்காளத்து நவராத்திரி அல்ல

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. வங்காளத்தில் துர்கா பூஜையின் முக்கிய நாட்களோ சஷ்டி முதல் தசமி வரையிலான ஐந்துதான். இரண்டும் ஒரே வளர்பிறையில் வருவதால், 'நவராத்திரிக்கு வங்காளிகள் வைத்த பெயர் துர்கா பூஜை' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வட இந்தியாவில் பலருக்கு நவராத்திரி விரதக் காலம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அந்த அளவுகோலை வைத்து, 'பண்டிகை நாளில் மீனும் இறைச்சியுமா?' என்று வங்காளிகளைக் கடிந்துகொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அங்கே துர்கை, கயிலையிலிருந்து பிறந்த வீட்டுக்கு வரும் மகள். லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், முருகன் நால்வரும் அவள் பெற்ற பிள்ளைகளாகப் பந்தலில் உடன் நிற்கிறார்கள். மகள் வந்திருக்கும் வீட்டில் விருந்து சமைக்காமல் இருப்பார்களா? அஷ்டமியன்று தேவிக்கு மலர் தூவி வணங்கும் அஞ்சலி முடியும்வரை உண்ணாதிருப்பவர்கள் அங்கேயும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. தசமியன்று மணமான பெண்கள் அவளுக்குச் சிந்தூரம் இட்டு, வாயில் இனிப்பு வைத்து, கண் கலங்க வழியனுப்புகிறார்கள்.

பந்தலில் சரஸ்வதி நிற்பதால் சரஸ்வதி பூஜையும் அப்போதே என்று நினைக்க வேண்டாம். நாம் மகாநவமியில் புத்தகங்களை அடுக்கி வணங்குகிறோம். வங்காளத்தில் அதற்கான நாள் ஜனவரி-பிப்ரவரி வாக்கில் வரும் வசந்த பஞ்சமி. லட்சுமி பூஜையோ விஜயதசமிக்குப் பின் வரும் பௌர்ணமியில்.

பிள்ளையார் அருகே புடவை சுற்றிய வாழைக்கன்று ஒன்று இருக்கும். அதைப் பிள்ளையாரின் மனைவி என்று வங்காளிகளிலேயே பலர் சொல்வதுண்டு. உண்மையில் அது நவபத்திரிகை: வாழை, நெல், மஞ்சள், வில்வம், மாதுளை உள்ளிட்ட ஒன்பது செடிகளைச் சேர்த்துக் கட்டிய துர்கையே. சப்தமி காலையில் அதை நீர்நிலைக்குக் கொண்டுசென்று நீராட்டுவார்கள். சிலைகளின் பேரழகில் கண் நிலைத்துவிடுவதால், பயிரை வணங்கும் இந்தத் தொன்மையான சடங்கை நாம் கவனிப்பதே இல்லை.

கர்பா படங்களுக்குத் துர்கா பூஜை என்று தலைப்பிடுவதும் தவறு. கர்பா குஜராத்தின் நவராத்திரி ஆட்டம். விளக்கேற்றிய மண்பானையையோ தேவி படத்தையோ நடுவில் வைத்துச் சுற்றி ஆடுவது. வங்காளிகள் ஆடுவது, புகையும் தூபக்கலத்தைக் கையில் ஏந்தி, டாக் மேளத்தின் முழக்கத்துக்கு.

வாழ்த்திலும் கவனம் தேவை. 'சுபோ பிஜயா' என்ற விஜயதசமி வாழ்த்தை முதல் நாளிலேயே சொல்லிவிடக் கூடாது. சிலையைக் கரைத்துத் திரும்பிய பிறகுதான் இளையவர்கள் பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவார்கள், இனிப்பு வழங்குவார்கள்; அந்த வாழ்த்தும் அப்போதுதான்.