பம்பிள் தேனீயை இனம் காண: நிறத்துக்கு முன் பின்னங்கால்

பம்பிள் தேனீக்கள் அடங்கிய போம்பஸ் பேரினத்தில் 250-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மஞ்சள் பட்டையை மட்டும் நம்பிப் பெயர் சொன்னால் தவறும். ஒரே இனத்தில் ராணி, வேலைக்காரி, ஆண் மூன்றும் வேறு வேறு நிறத்தில் இருக்கலாம். வெயிலில் மயிர் வெளுக்கும், வயதானால் உதிரும்.

படி 1: வயிற்றின் மேற்புறம் மயிரின்றிப் பளபளத்தால் அது பெரும்பாலும் தச்சுத் தேனீ. அடர்ந்த மயிர் இருந்தால் தொடருங்கள்.

படி 2: மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக என்று மூன்று படங்கள் வேண்டும். போனில் வீடியோ எடுத்து அதிலிருந்து ஃபிரேம்களைப் பிரிப்பதே மேல்; ஒற்றைப் படத்துக்குத் தேனீ நின்று கொடுக்காது.

படி 3: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பின்னங்காலின் அகன்ற பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிப்புறம் தட்டையாக, மொழுமொழுவென்று, ஓரத்தில் மட்டும் நீள மயிரோடு இருந்தால் அது மகரந்தக் கூடை, அதாவது மகரந்தத்தைச் சுமந்து செல்லும் இடம். அப்படியானால் ராணி அல்லது வேலைக்காரி. காலியான கூடை நிழலில் வெறும் கறுப்பாகவே தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் மினுங்கும். உடம்பெங்கும் ஒட்டிய மகரந்தத் தூளைக் கூடைச் சுமையாக எண்ணிவிடாதீர்கள். சுமை என்பது ஈரமாகப் பிசைந்த உருண்டை.

கூடை இல்லையென்றால் ஆண், அல்லது பிறர் கூட்டில் முட்டையிடும் குயில் பம்பிள் தேனீ. உணர்கொம்பில் 13 கணுக்கள் இருந்தால் ஆண், 12 என்றால் பெண். ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. (கணுக்களை நிச்சயமாக எண்ணும் முன் கையில் பிடித்துப் பார்க்க வேண்டாம்.)

படி 4: இப்போது நிறம். வயிற்றுக் கண்டங்களை (வளையம் போன்ற பகுதிகளை) முன்னிருந்து ஒவ்வொன்றாகக் குறியுங்கள். போம்பஸ் இம்பேஷியன்ஸில் முதல் கண்டம் மட்டுமே மஞ்சள். போம்பஸ் லாப்பிடேரியஸ் வேலைக்காரி முழுக் கறுப்பு, வால் மட்டும் சிவப்பு. முக நீளத்தையும் பாருங்கள்: போம்பஸ் ஹார்ட்டோரமுக்கு முகமும் நாக்கும் நீளம்.

படி 5: போம்பஸ் டெரெஸ்ட்ரிஸ், போம்பஸ் லூக்கோரம் இனங்களின் வேலைக்காரிகளைப் படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டையும் சேர்த்துச் சுட்டும் குழுப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை. படத்தைப் பார்த்து இனம் சொல்லும் செயலி தரும் ஒற்றைப் பெயரை ஏற்காதீர்கள்.

நடத்தையும் துப்புக் கொடுக்கும். வசந்தத்தில் தரையை ஒட்டி வளைந்து வளைந்து பறப்பது ராணி. பழைய எலி வளை போன்ற கூட்டிடம் தேடுகிறது. பூவின் அடியைக் கடித்துத் துளையிட்டுத் தேன் குடிப்பது பெரும்பாலும் குட்டை நாக்கு இனம். தக்காளிப் பூவில் தொங்கியபடி உரக்க ரீங்கரித்தால் மகரந்தத்தை உலுக்கி உதிர்க்கிறது என்று பொருள். நடுக்காலைத் தூக்கிக் காட்டினால் எச்சரிக்கை. கேமராவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.